காலி ஜீப்

ஆவணி 5, திங்கள்

என் பெயர் சன்னாசி. ஊர் நெல்லிப்பாறை. போடிக்கு மேலே, ஏலத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. இதை எழுதியது நான்.

மேலே உள்ளதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. எழுபது வயதில் என் பெயரை நானே எழுதி நானே படிக்கிறேன். இன்பராணி டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். எங்களைப் போன்றவர்களுக்குச் சமுதாயக் கூடத்தில் மதியம் வகுப்பு எடுக்கிறார். "தெனமும் எதாச்சும் எழுதுங்கய்யா. நடந்தத எழுதுனாப் போதும்" என்றார். இன்று இதுதான் நடந்தது.

ஆவணி 6, செவ்வாய்

மழை இல்லை. கை வலிக்கிறது. காலையில் டீ ஒரு டம்ளர் கூடிப்போனது. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

ஆவணி 8, வியாழன்

ராசாங்கத்தின் ஜீப் போடியிலிருந்து வந்துவிட்டது. ராசாங்கம் என் தங்கை மகன். ஊருக்கு இருப்பது அந்த ஒரு ஜீப்தான். விடியும்போது ராசாங்கம் மட்டும் அதில் கீழே இறங்குவான். அடிவாரத்தில் காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வருவான். சாயங்காலம் அவர்களைக் கொண்டுபோய் விட்டு, கடைச் சாமான்களோடு திரும்புவான்.

போன மழை, படிப்பாறையில் இருந்த மண்ணை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாறை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஏறும்போதெல்லாம் ஜீப்பின் வயிறு இடித்து எண்ணெய் ஒழுகியது. பாறையை உடைக்க வனத்துறை விடவில்லை. "அப்பப் பாறை எறங்காது, ஜீப்பு ஏறட்டும்" என்று மீரான் பாய் சொல்லிவிட்டார். போடியில் பட்டறை வைத்திருக்கிறார். மலை ஜீப் எல்லாம் அவரிடம்தான் போகும்.

ஜீப்பின் பாரத்தைத் தாங்க, இரும்புப் பட்டைகளை வில் போல வளைத்து அடுக்கியிருப்பார்கள். பாய் அந்தப் பட்டைகளைத் தொங்கவிடும் சாக்கிளை நீளமாக்கிவிட்டார். பின்பக்கம் ஒரு பட்டை கூடப் போட்டார். டயரும் பெரிது. இப்போது ஜீப் ஒரு சாணுக்கு மேல் உயர்ந்துவிட்டது. சும்மா நிறுத்தியிருக்கும்போது பின்பக்கம் தூக்கி, மூக்கு தாழ்ந்து, கோழி தானியம் பொறுக்குவது போல நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது.

பெண்கள் ஏறத்தான் கஷ்டப்பட்டார்கள். தங்கமாயி ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு மறு காலுக்கு வழி தெரியாமல் தொங்கினாள். கூட்டத்துக்கு அவள்தான் வாய்.

"ஏ ராசாங்கம், வண்டி வாங்குனியா, பரண் கட்டுனியா? ஏணி எங்கய்யா?"

"நீ வளந்துக்கக்கா. வண்டி வளந்துருச்சுல்ல" என்றான்.

ஆவணி 9, வெள்ளி

இன்று என்னைப் பற்றி எழுதுகிறேன். என் வேலை கட்டை போடுவது. செங்குத்தான இடத்தில் ஜீப் திணறி நின்றால் பின்னால் உருண்டுவிடும். அதற்குள் குதித்து டயருக்கு அண்டை கொடுக்க வேண்டும். முன்பு வழி முழுக்கப் பின்னால் தொற்றிக்கொண்டு போவேன். இப்போது வயதாகிவிட்டது. காலையில் படிப்பாறை வரை நடந்து போய், ஜீப் வரும்வரை கட்டையோடு உட்கார்ந்திருப்பேன். ஜீப் பாறையைத் தாண்டியதும் ஏறிக்கொண்டு வீடு வருவேன்.

இன்று ஜீப் வந்தது. பாறையில் முன் டயர் ஏறியது, பின் டயர் ஏறியது, போய்விட்டது. இடிக்கவே இல்லை. நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கட்டையைக் கீழே வைத்துவிட்டு.

ஆவணி 10, சனி

ஒச்சம்மாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று டீச்சர் கேட்டார். எழுத ஒன்றும் இல்லை. ஒச்சம்மா என் மனைவி. ஆனி மாதம் ஓடைக் கல்லில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக நடந்தது. போடியில் மகள் பவுன்தாய் வீட்டில் இருக்கிறாள். புரட்டாசி பிறந்ததும் மலைக்குப் போகலாம், ஆனால் குலுக்காத, ஆடாத வண்டியில் கூட்டமில்லாமல் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் நினைக்கவே கூடாதாம்.

அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். டிவி இருக்கிறது. எனக்கும் இங்கே வேலை சரியாக இருக்கிறது. இன்று கட்டிலிலிருந்து கதவு வரை மூங்கில் பிடி ஒன்று கட்டினேன். சும்மாதான், பிடித்துக்கொண்டு நடக்க வசதியாக இருக்கும்.

ஆவணி 12, திங்கள்

ராசாங்கம் முகம் சரியில்லை. படிப்பாறையில் என் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினான்.

"மாமா, ஸ்டீயரிங் சரியில்ல. காலைல எறங்கயில, கீழ தார் ரோட்டுல போனா வண்டி அலையுது. இங்கிட்டு இழுக்குது, அங்கிட்டு இழுக்குது. வளைச்சு விட்டா தானாத் திரும்பி வர மாட்டேங்குது. பள்ளத்துல டயர் எறங்குனா ஸ்டீயரிங் கையைத் தட்டி விடுது."

பின்னாலிருந்து தங்கமாயி எட்டிப் பார்த்தாள். "நாங்க இம்புட்டுப் பேரு ஒக்காந்து வாரோம். எங்களுக்குத் தெரியாத ஆட்டம் ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரியுது?"

"காலைல எறங்கயில ஆடுதுக்கா."

"காலைல ஆடுதுன்னா அது ஜீப்பு இல்லப்பா. ராத்திரி போட்டது எறங்கல."

எல்லாரும் சிரித்தார்கள். ராசாங்கம் குடிக்கிறவன் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் எனக்கும் பெண்கள் சொல்வதுதான் சரி என்று பட்டது. நானும் பாறையிலிருந்து வீடு வரை ஏறித்தான் வருகிறேன். ஆடாமல் சுகமாக வருகிறது.

ஆவணி 14, புதன்

ஜீப் பட்டறைக்குப் போனது. நானும் போனேன். பாய் மேலே கீழே பார்த்தார். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி முன்பு கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்குமாம். ஜீப்பை உயர்த்தியதால் இப்போது சரிந்து நிற்கிறது. டயர் பள்ளத்தில் இறங்கும்போது அது ஸ்டீயரிங்கையும் சேர்த்து இழுக்கிறது. அதற்காக வளைந்த இரும்புக் கை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். பிரேக் குழாயும் கட்டிய ஆட்டுக் கயிறு போல இழுபட்டு இருந்தது. அதையும் நீளமாக மாற்றினார்.

"இது ரெண்டும் என் தப்புண்ணே. தூக்குனப்பவே பாத்துருக்கணும்" என்றார். தப்பைச் சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பட்டறை வாசலில் மலைக்குப் போகிற ஆட்கள் எப்போதும் நிற்பார்கள். ஜீப் உறுமியதும் கோழிக்கூடு திறந்தது மாதிரி ஓடி வந்தார்கள். "பாய் ஓட்டிப் பாக்கத்தான் போறாரு" என்றேன். "நாங்களும் பாக்குறோம்" என்று மூட்டை முடிச்சோடு ஏறிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஜீப் காலியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். அது பாவம் என்று நினைப்பு.

ஜீப் அருமையாகப் போனது. பள்ளத்தில் விட்டுப் பார்த்தார். ஸ்டீயரிங் அசையவில்லை.

பவுன்தாய் வீட்டுக்குப் போய் ஒச்சம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பு ஊன்றி வாசல் வரை வந்தாள். இளைத்துவிட்டாள். அவளும் என்னைப் பார்த்து அதையே சொன்னாள்.

ஆவணி 15, வியாழன்

பள்ளத்தில் தட்டுவது நின்றுவிட்டதாம். அலைவது நிற்கவில்லையாம். காலையில் மட்டும்.

ஆவணி 17, சனி

பெரிய டயரில் காற்று கூடுதலாக இருக்கிறது என்று பாய் சொல்லி அனுப்பினார். குறைத்தான். போகவில்லை. இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் கம்பியின் நுனியில் உருண்டை தேய்ந்திருக்கும் என்றார். புதிதாக மாற்றினான். போகவில்லை. ஒவ்வொரு முறையும் பாய் ஓட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் ஜீப் நிறைய ஆள். ஒவ்வொரு முறையும் ஜீப் ஒழுங்காகப் போகிறது. ராசாங்கத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

தங்கமாயி இப்போது அவனுக்கு எலுமிச்சம்பழம் கொண்டு வந்து கொடுக்கிறாள், காலையில் தலையில் தேய்த்துக் குளிக்கச் சொல்லி.

ஆவணி 19, திங்கள்

இன்று ஒச்சம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவள் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். ரேஷன் கார்டு, பஸ் போர்டு, வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். நான் வகுப்புக்குப் போவது அவளுக்குத் தெரியாது. கடிதம் இது:

ஒச்சம்மா நலமா. நான் நலம். ஜீப் சரியானதும் வரலாம். சன்னாசி.

இதை எழுத மதியம் முழுக்க ஆனது. ராசாங்கத்திடம் கொடுத்து அனுப்பினேன். யார் எழுதியது என்று கேட்டால் சொல்லாதே என்றேன்.

ஆவணி 20, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. நானே படித்தேன். அவள் எழுத்து குண்டு குண்டாக இருந்ததால் சீக்கிரம் படித்துவிட்டேன்.

"எழுத்தும் ஜீப்பு மாதிரியே ஆடுது. ரெண்டையும் சரி பண்ணுங்க. ஒச்சம்மாள்."

யார் எழுதியது என்று அவள் கேட்கவே இல்லையாம். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாளாம். பிறகு பவுன்தாயிடம் பேனா கேட்டாளாம். ராசாங்கம் சொன்னான்.

இன்று டீச்சரிடம் கோடு போட்ட நோட்டு இன்னொன்று வாங்கினேன்.

ஆவணி 22, வியாழன்

குளிர்தான் காரணம் என்று பாய் முடிவு செய்துவிட்டார். காலையில் மட்டும் ஆடுகிறது என்றால், மலைக் குளிரில் ஸ்டீயரிங் பெட்டிக்குள் கிரீஸ் இறுகிவிடுகிறது, வெயில் ஏறியதும் இளகிவிடுகிறது. கேட்டதும் எனக்கு நியாயமாகப் பட்டது. எனக்கும் காலையில் முழங்கால் அப்படித்தான்.

பழைய கிரீஸை எடுத்துப் புதிதாக வைத்தார்கள். இரவில் ஜீப்பை மூடி வைக்கக் கம்பளி ஒன்று வேண்டும் என்று ராசாங்கம் கேட்டான். என் கம்பளியைக் கொடுத்தேன். ஒச்சம்மாவின் கம்பளி சும்மாதான் மடித்துக் கிடக்கிறது. ஆனால் அதில் கிரீஸ் பட்டால் போகாது.

தங்கமாயி ஜீப்பைப் பார்த்துவிட்டு, "பனிக் குல்லா ஒண்ணும் பின்னிப் போடுங்கண்ணே" என்றாள்.

ஆவணி 23, வெள்ளி

குளிரில் தூக்கம் வரவில்லை. ஜீப் இன்றும் ஆடியதாம்.

ஆவணி 25, ஞாயிறு

பவுன்தாய் போன் செய்தாள். "அப்பா, ஸ்டீயரிங் நிக்காத வண்டில அம்மாவ நான் அனுப்ப மாட்டேன். காலியா ஓட்டிக் காட்டுங்க, நான் பக்கத்துல ஒக்காந்து பாக்குறேன். அப்புறம் பேசுவோம். மழைக்கு முன்னாடி ஆகலேன்னா அம்மா இங்கயே இருக்கட்டும். சொல்லப்போனா இனிமே அம்மாவுக்கு மலை எதுக்குப்பா? ஓடைக்குப் போகணும், மேடு ஏறணும். நீங்களும் இங்க வந்துருங்க."

அவள் சொல்வதும் நியாயம். அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது.

மதியம் ஓடைப் பாதையில் கிடந்த வழுக்குக் கற்களை எடுத்துப் போட்டேன். வேறு வேலை இல்லை. பிறகு வாசல்படியைச் செதுக்கி உயரம் குறைத்தேன். டீ இன்றும் கூடிவிட்டது. கறிவேப்பிலை நன்றாகத் துளிர்க்கிறது.

ஆவணி 27, செவ்வாய்

மீரான் பாய் மேலே வந்திருக்கிறார். "வெடியக்காலைல நானே ஒக்காந்து ஓட்டிப் பாக்குறேன். ராசாங்கம் பொய் சொல்றானா, வண்டி பொய் சொல்லுதான்னு நாளைக்குத் தெரிஞ்சுரும்" என்றார். எங்கள் வீட்டில்தான் தங்குகிறார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். பெரிய மனிதர், பொய் சொல்லுவார் என்று நினைக்கவில்லை.

ஆவணி 28, புதன்

இன்று நிறைய எழுத வேண்டும். பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

காலையில் பாயும் ராசாங்கமும் நானும் ஜீப்புக்குப் போனால், ஜீப் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. பாய் வந்திருக்கிறார், ஜீப் பட்டறை வரை போய்விட்டுத்தான் தோட்டத்துப் பெண்களை ஏற்றும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ரேஷன் கடைக்கு, பேங்குக்கு, கண் காட்ட என்று பாதி ஊர் உள்ளே உட்கார்ந்திருந்தது. யாரையும் இறங்கச் சொல்ல முடியாது. நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

மலை இறங்கினோம். தார் ரோடு வந்தது. பாய் வேகம் பிடித்தார். ஜீப் கோடு கிழித்த மாதிரிப் போனது. பாய் ஒரு கையை எடுத்தார். பிறகு இரண்டு விரலால் பிடித்தார்.

"ராசாங்கம், காலைதான். குளிருதான். எங்கப்பா ஆடுது?"

ராசாங்கம் தலையைக் குனிந்துகொண்டான். ஜீப்பில் எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டார்கள். கேலி செய்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு அவன் சின்ன வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து அடி வாங்கிக்கொண்டு வந்த முகம் ஞாபகம் வந்தது.

அடிவாரத்தில் ரேஷன் கடை இன்று நேரத்திலேயே திறந்திருந்தது. வாசலில் பாமாயில் அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர்தான் "எண்ணெ வந்துருச்சு" என்றார். பாய் பிரேக் பிடிப்பதற்குள் பாதிப் பேர் குதித்துவிட்டார்கள். மீதிப் பேர் குதித்தவர்களைத் திட்டிக்கொண்டே குதித்தார்கள். பேங்குக்குப் போகிறவரும் குதித்தார். கண் காட்ட வந்த கிழவர் யார் உதவியும் இல்லாமல் குதித்து முன்னால் போய் வரிசையில் நின்றார்.

ஜீப்பில் நாங்கள் மூன்று பேர் மட்டும். நான் முன்னால் வந்து உட்கார்ந்தேன். பாய் சிரித்துக்கொண்டே கிளம்பினார். புளியமரம் தாண்டியிருக்காது. ஜீப் வலது பக்கம் இழுத்தது. பாய் இடது பக்கம் ஒடித்தார். அது கூடுதலாக இடது பக்கம் போனது. திரும்ப ஒடித்தார். ஸ்டீயரிங் திரும்பின இடத்திலேயே நின்றது, தானாக நேருக்கு வரவில்லை. ஜீப் கள்ளுக் குடித்தவன் மாதிரி ரோட்டை அளந்துகொண்டு போனது. எதிரில் வந்த பால்காரர் வண்டியோடு வயலில் இறங்கிவிட்டார். பாய் ஓரமாக நிறுத்தினார். நெற்றியைத் துடைத்தார்.

"இதான் பாய்" என்றான் ராசாங்கம். மெதுவாகத்தான் சொன்னான்.

பாய் கீழே இறங்கி, தள்ளிப் போய் நின்று ஜீப்பைப் பக்கவாட்டில் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு திரும்பி ரேஷன் கடைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

"எல்லாரும் ஒரு நிமிசம் வந்து ஜீப்புல ஏறுங்க."

"எண்ணெ தீந்துரும் பாய்."

"நான் வாங்கித் தாரேன், ஏறுங்க."

ஏறினார்கள். பாய் தள்ளி நின்று பார்த்தார். "எறங்குங்க" என்றார். இறங்கினார்கள். மறுபடி ஏறச் சொன்னார். "என்னாய்யா, எங்கள வச்சுத் தராசு பாக்குறியா?" என்று கிழவர் கேட்டார். "ஆமாப்பா, தராசுதான் பாக்குறேன்" என்றார் பாய்.

அப்போது நானும் பார்த்தேன். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி ஜீப் நேராகிறது. ஆள் இறங்கினால் பின்பக்கம் தூக்கி, மூக்கு தாழ்ந்து, கோழி தானியம் பொறுக்குகிறது. முதல் நாளே பார்த்துச் சிரித்ததுதான். சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

பாய் பக்கத்தில் நின்ற ஒரு சைக்கிளைக் காட்டிச் சொன்னார். சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை பின்பக்கமாகச் சாய்ந்து இருக்கும். அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகும். ஜீப்பின் முன் அச்சுக்கும் அந்தச் சாய்வு உண்டு. முன்னால் சாக்கிளை நீளமாக்கியதும், பின்னால் பட்டை கூடப் போட்டதும் சேர்ந்து அந்தச் சாய்வைத் தின்றுவிட்டன. ஆள் நிறைந்தால் பின்பக்கம் தாழ்ந்து சாய்வு கொஞ்சம் திரும்பி வந்துவிடும். ஜீப் காலியாக ஓடுவது விடியற்காலையில் மட்டும்தான். அப்போது ராசாங்கத்தைத் தவிர உள்ளே யாரும் இல்லை.

"ஜீப்ப ஒரு தடவ காலியா ஓட்டிப் பாத்துருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். ஒங்க மலைல அது நடக்காதுண்ணே" என்றார் பாய். பிறகு ராசாங்கத்தின் தோளைத் தட்டி, "மன்னிச்சுக்கப்பா" என்றார்.

ராசாங்கம் சிரித்த சிரிப்பை எழுத எனக்கு எழுத்து போதாது.

ஆவணி 29, வியாழன்

தங்கமாயி ராசாங்கத்துக்கு இன்று அதிரசம் கொண்டு வந்தாள். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. "எலுமிச்சம்பழத்தத் திருப்பிக் குடு" என்று மட்டும் சொன்னாள்.

புரட்டாசி 1, ஞாயிறு

பட்டறைக்குப் போனோம். பாய் இரண்டு இரும்பு ஆப்பு செய்து வைத்திருந்தார். ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெலிவு. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் சொருகினால் அச்சு பின்னால் சாயும். தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். மாற்றிச் சொருகினால் முன்பைவிட மோசமாகிவிடும். படுத்துக்கொண்டு இருட்டில் மாட்டும்போது குழம்பிவிடும் என்று பாய் சொன்னார்.

நான் பெயிண்ட் கேட்டேன். மஞ்சள் பெயிண்ட் இருந்தது. குச்சியில் தொட்டு, இரண்டு ஆப்பிலும் தடித்த பக்கத்தில் "முன்" என்று எழுதினேன். பாய் என்னைப் பார்த்தார். ராசாங்கம் அவரிடம், "மாமா இப்ப எழுதுவாரு" என்றான். ஏதோ எப்போதும் எழுதுகிறவனைச் சொல்வது போலச் சொன்னான்.

பாய் அடியில் படுத்துக்கொண்டு, கையில் ஆப்பைத் திருப்பி, "முன்" என்று வாய்விட்டுப் படித்துவிட்டுச் சொருகினார். இரண்டாவதையும் படித்துவிட்டுத்தான் சொருகினார். நான் எழுதியதை ஒருவர் படித்து ஒரு வேலை நடந்தது. பின்னால் கூடப் போட்ட பட்டையையும் கழற்றிவிட்டு, மெல்லிசாக ஒன்று போட்டார். கோழி நிமிர்ந்துவிட்டது.

புரட்டாசி 3, செவ்வாய்

பவுன்தாய் ஜீப்பில் கூட உட்கார்ந்து பார்க்க வந்தாள். இந்த முறை ஒரு ஆளையும் ஏற்றக் கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறை வாசலில் நின்றவர்களுக்கு அது புரியவில்லை. ராசாங்கம் நிறுத்தாமல் கிளம்பிவிட்டான். பின்னால் கேட்ட வசவுகளை டீச்சர் படிக்கக்கூடும் என்பதால் எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டிலும் அதே கதை. ஒருவர் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடியே வந்தார். "காலி வண்டிய வச்சுக்கிட்டு என்னாடா பவுசு" என்று கத்தினார். முன்னால் பவுன்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் நான் மட்டும். வெறும் சீட்டைப் பார்க்க எனக்கும் குற்றம் செய்த மாதிரித்தான் இருந்தது.

தார் ரோடு வந்தது. ராசாங்கம் வேகம் பிடித்தான். நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். புளியமரம் வந்தது, போனது. ஜீப் நேராகப் போனது. ராசாங்கம் வளைத்துவிட்டுக் கையைத் தளர்த்தினான். ஸ்டீயரிங் தானாகச் சுழன்று நேராக வந்து நின்றது. மறுபடியும் வளைத்தான். மறுபடியும் வந்தது. அடிவாரம் வரை அப்படியே போனோம்.

பவுன்தாய் இறங்கி, முந்தானையைச் சரி செய்தாள்.

"வெள்ளிக்கிழம கூட்டிட்டுப் போங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் வேண்டாம்னாலும் அம்மா இருக்காதுப்பா. ஒங்க கடிதாசி வந்த அன்னைக்கே துணிய மடிச்சு வச்சிருச்சு" என்றாள்.

புரட்டாசி 4, புதன்

வீட்டைக் கழுவினேன்.

புரட்டாசி 5, வியாழன்

வீட்டை மறுபடி கழுவினேன். ஒச்சம்மாவின் கம்பளியை வெயிலில் போட்டு எடுத்தேன். தங்கமாயி வந்து பார்த்துவிட்டு, "கல்யாண வீடு மாதிரி இருக்குண்ணே. மாப்ள யாரு?" என்றாள்.

புரட்டாசி 6, வெள்ளி

காலையிலேயே படிப்பாறைக்குப் போய்விட்டேன். கட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன். இனி அது தேவையில்லை. பழக்கம்.

ஒச்சம்மாவும் பவுன்தாயும் மட்டும் வர வேண்டும். பெண்களை ராசாங்கம் அடுத்த நடையில் ஏற்றுவதாக ஏற்பாடு. ஜீப் சத்தம் கேட்டது. எனக்குச் சத்தம் கேட்டதும் சந்தேகம். அது காலி ஜீப்பின் சத்தம் இல்லை.

வளைவில் திரும்பியது. முன்னால் ஒச்சம்மா, தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் தங்கமாயியும் அவள் கூட்டமும் வழக்கம் போல நிறைந்து இருந்தார்கள். பவுன்தாய் அவர்களுக்கு நடுவில் நசுங்கியிருந்தாள்.

ராசாங்கம் என்னைப் பார்த்துக் கையை விரித்தான். "நான் நிறுத்தல மாமா. அத்ததான் நிறுத்தச் சொல்லிருச்சு."

"வெயில்ல நிக்கிறாளுக. காலி வண்டில நான் மட்டும் ராணி மாதிரி வரணுமா?" என்றாள் ஒச்சம்மா. "எம்மேல யாரும் இடிக்கல. எல்லாம் பின்னாலதான் கெடக்காளுக."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை. ஜீப் பாறையில் ஏறியது. முன் டயர், பின் டயர். அவள் தலை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நேரானது, அவ்வளவுதான். நான் டயரையே பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, அவ்வளவு உயரத்திலிருந்து அவளால் கால் ஊன்றி இறங்க முடியாது. பவுன்தாய் வீட்டில் நாற்காலி போட்டு ஏற்றினார்களாம். இங்கே நாற்காலி இல்லை. ராசாங்கம் தூக்குகிறேன் என்றான். அவள் விடவில்லை. உரலைக் கொண்டு வரவா என்று தங்கமாயி கேட்டாள்.

கட்டை என் கையில்தான் இருந்தது. கீழே போட்டு, மண்ணில் அசையாமல் அழுத்தி வைத்தேன். டயருக்கு வைப்பது போலவே வைத்தேன். அவள் என் தோளில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலைக் கட்டையில் வைத்தாள். பிறகு மறு காலைத் தரையில் வைத்தாள்.

"ஆடுதா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள்.

மூங்கில் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். உள்ளே போனதும் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, "படிங்க பாப்போம்" என்றாள். படித்தேன்.

புரட்டாசி 7, சனி

காலையில் இரண்டு டம்ளர் டீ போட்டேன். கறிவேப்பிலைக்கு இன்று இல்லை.